கம்பெனி போன பின் கணக்கு யாரிடம்?

பெருங் கம்பெனிகளின் ஆதிக்கத்தைச் சிறு சிறு சீர்திருத்தங்களால் கட்டுப்படுத்த இயலுமா, அன்றி ஆட்சியமைப்பையே புரட்டிப் போடும் பெருமாற்றம் ஒன்றுதான் அதற்கு வழியா என்னும் வினாவை அறிஞர் பலர் இன்று உலகெங்கும் எழுப்பி வருகின்றனர். நூல்கள் பல எழுதப்படுகின்றன. மேடைகளில் சொற்போர் நிகழ்கிறது. கோலார் தங்கவயலில் வாழ்ந்த, வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கோ இது ஏட்டு வினா அன்று. இரு வழிகளையும் நம்மவர் நடந்தே பார்த்திருக்கின்றனர். அவர்கள் கண்டது என்ன என்பதை நாம் ஈண்டுச் சற்று விரிவாக எண்ணிப் பார்க்க விரும்புகிறோம்.

தங்கவயலில் கம்பெனி என்றால் ஜான் டெய்லர் கம்பெனிதான். 1870களில் லவெல் என்னும் அயர்லாந்து நாட்டுப் படைவீரர் மைசூர் அரசிடம் பெற்ற உரிமை கைமாறி, 1880 ஆம் ஆண்டளவில் லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் நிறுவனத்தாரின் நிர்வாகத்துக்கு வந்தது. மைசூர்ச் சுரங்கம், சாம்பியன் ரீஃப், ஊரிகம், நந்திதுர்க்கம் எனத் தனித்தனிப் பெயர்களில் பங்குக் கம்பெனிகள் இருந்தன. ஆயினும் கடிவாளம் பிடித்த கை ஒன்றே. எடுக்கும் பொன்னின் மதிப்பில் நூற்றுக்கு ஐந்து வீதம் மைசூர் அரசுக்கு ராயல்டியாகச் சேர்ந்தது.

அந்த ஐந்து வீதம் செய்த வேலை பெரிது. அரசின் வருவாயில் கணிசமான பகுதியைத் தருபவனிடம் அரசு எப்படிக் கண்டிப்புக் காட்டும்? 1894இல் பௌரிங்பேட்டையிலிருந்து மாரிகுப்பம் வரை இருப்புப்பாதை வந்தது. 1902 ஜூன் இறுதியில் சிவசமுத்திரத்திலிருந்து 92 மைல் தொலைவுக்குக் கம்பி இழுத்து மின்சாரம் கொணரப்பட்டது. தலைநகரமாம் பெங்களூரின் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது 1905இல்தான். அரண்மனைச் சீமைக்கு முன்பாகச் சுரங்கத்துக்கு வெளிச்சம் வந்த கதை இது! சட்டமும் அவ்வாறே வளைந்தது. 1897 ஆம் ஆண்டின் மைசூர்ச் சுரங்கச் சட்டத்தின்படி, ஒருவனிடம் பொன் கலந்த கல்லோ மண்ணோ இருந்தால், அது திருட்டுப் பொருள் அன்று என மெய்ப்பிக்கும் சுமை அவன் தலையிலேயே விழுந்தது. குற்றம் சாட்டுபவரே அதனை மெய்ப்பிக்க வேண்டும் என்பது ஊருலகத்து நீதி. தங்கவயலில் மட்டும் அது தலைகீழாய் நின்றது.

ஒன்றை மறைத்தல் நேர்மையாகாது. வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து மூட்டை முடிச்சுடன் வந்த நம் முன்னோரிற் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட குலத்தினர். ஊரில் பண்ணையாரின் அடிமைத்தளையில் கிடந்தவர்கள். தட்டி வீட்டில் குடியிருந்து, மூங்கிற் படலுக்கு மண் பூசி வாழ்ந்தாலும், வாரக் கூலி கையில் காசாக வந்தது. கம்பெனியின் கொடுமையைப் பேசும்போது, அவர்கள் விட்டு வந்த கிராமத்தின் கொடுமையை மறந்துவிடலாகாது. தங்கவயலை ஒரு விடுதலையாகவே கருதிய பாட்டன்மார் பலர்.

அந்தக் காசுதான் முதற் சிறு மாற்றங்களுக்கு வித்திட்டது. அயோத்திதாசப் பண்டிதரின் ‘தமிழன்’ இதழை ஆவலோடு வாங்கிப் படித்த ஊர்களுள் மாரிகுப்பமும் சாம்பியன் ரீஃபும் முன் நின்றன. பௌத்த சங்கக் கிளை எழுந்தது. சித்தார்த்தா புத்தகசாலை நூல்களை வெளியிட்டது. பண்டிதர் மறைந்த பின், 1920களில் அப்பாதுரையார் முயற்சியால் ‘தமிழன்’ தங்கவயலிலிருந்தே மீண்டும் வெளிவந்தது. பாறை உடைக்கும் கையினர் ஏடு நடத்தினர் என்பதை நம் குழந்தைகளுக்கு நாம் சொல்லுவதில்லை. சொல்ல வேண்டும்.

1930 ஆம் ஆண்டு வந்தது. தொழிலாளர் ஒவ்வொருவரும் கைரேகை பதித்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும் எனக் கம்பெனி ஆணையிட்டது. கைரேகை என்பது அக்காலத்தில் குற்றவாளிகளிடம் வாங்குவது. “நாங்கள் திருடர்களா?” என்ற சினம் லைன் லைனாகப் பரவிற்று. பதிவு பெற்ற சங்கம் இல்லை. பேர்பெற்ற தலைவர் இல்லை. இருந்தும் மூன்று வாரம் சுரங்கங்கள் அனைத்தும் ஓய்ந்து நின்றன. கம்பெனி அத்திட்டத்தைக் கைவிட்டது. கூலி உயர்வுக்காக மட்டுமன்றி மானத்துக்காகவும் நடந்த வேலை நிறுத்தம் அது. நம்மவர் சரித்திரத்தில் இதற்கு ஈடாக வேறொன்று கூறுதல் அரிது.

அதற்கு அடுத்தது தூசியின் கதை. பாறைத் தூசி நெஞ்சிற் படிந்து ஆளை மெல்ல மெல்ல உருக்கும் சிலிக்கோசிஸ் நோயைக் காசநோய் என்றே நெடுங்காலம் எழுதி வந்தனர். காசம் என்றால் நட்டஈடு இல்லை! 1940இல்தான் மைசூர் அரசு அதனைத் தொழில்வழி வந்த நோயென ஏற்று, ஈட்டுத்தொகைக்கு விதி வகுத்தது. 1940 முதல் 1946 வரை சோதிக்கப்பட்ட 7,653 தொழிலாளரில் நூற்றுக்கு ஏறத்தாழ 44 பேருக்கு அந்நோய் கண்டது. சுரங்கம் தொடங்கி அறுபது ஆண்டுகள் கழித்துக் கிடைத்த கணக்கு இது. சீர்திருத்தம் வந்தது உண்மை. ஆனால் இரண்டு தலைமுறையினரின் மார்பைத் தின்ற பின்னர் வந்தது என்பதும் உண்மை.

1942 ஆம் ஆண்டின் மைசூர்த் தொழிலாளர் சட்டம் சங்கங்களுக்கு இடமளித்தது. கே. எஸ். வாசன் போன்ற பொதுவுடைமை இயக்கத்தார் சங்கத்தை வளர்த்தனர். 1946 நவம்பரில் நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் அறுவர் மாண்டனர். சிறு மாற்றம் என்று நாம் எளிதாகச் சொல்லுகின்ற ஒவ்வொன்றின் அடியிலும் எத்தகைய விலை கிடக்கிறது என்பதற்கு இதுவே சான்று. 1952 தேர்தலில், இரு உறுப்பினர் தொகுதியாயிருந்த தங்கவயல், பொதுவுடைமைக் கட்சியின் வாசனையும், ஷெட்யூல்டு வகுப்பினர் சம்மேளனத்தைச் சேர்ந்த சுவாமிதுரையையும் சட்டசபைக்கு அனுப்பிற்று. கம்பெனி துரை முன் தலைப்பாகையைக் கழற்றி நின்றவர்களின் பிள்ளைகள், துரையைக் கேள்வி கேட்க ஆள் அனுப்பினர்.

பெருமாற்றம் 1956இல் வந்தது. அரசுடைமைச் சட்டம் நிறைவேறி, நவம்பர் 28ஆம் நாள் சுரங்கங்கள் மைசூர் அரசின் கைக்கு வந்தன. எழுபத்தைந்து ஆண்டு கால ஜான் டெய்லர் ஆதிக்கம் ஒரே நாளில் முடிந்தது. 1962 டிசம்பர் 1ஆம் நாள் மத்திய அரசு அவற்றை ஏற்றது. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவாயிற்று. வெள்ளையருக்கென இருந்த உயர் பதவிகளில் நம் நாட்டவர் அமர்ந்தனர். இது சிறிய செய்தியன்று.

ஆயினும் சுரங்கத்தின் அடியில் இறங்கியவனுக்கு என்ன மாறிற்று? பத்தாயிரம் அடிக்கும் கீழே பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியசைத் தாண்டியது. பாறை வெடிப்பு யாருடைய ஆட்சி என்று கேட்டு வருவதில்லை. தொடக்க நாளில் ஒரு டன் பாறையில் நாற்பது கிராமுக்கு மேல் கிடைத்த பொன், கடைசியில் மூன்று கிராம் அளவுக்குச் சுருங்கிற்று. இவற்றுக்கு அரசைக் குறை கூற இயலாது. விலைக்கோ குறை கூறியே தீர வேண்டும். எடுத்த பொன்னை அரசு, சந்தை விலைக்கன்றி, பல ஆண்டுகள் அதிகாரபூர்வமான அனைத்துலக விலைக்கே எடுத்துக்கொண்டது. 1971 வரை அவ்விலை ஓர் அவுன்சுக்கு 35 டாலர். பெங்களூரில் நகைக்கடைக்காரர் அதனினும் மிகுதியான விலைக்குப் பொன் விற்றனர். இவ்வாறு பொன்னைக் குறைந்த விலைக்கு வாங்கிக்கொண்டு, பிறகு சுரங்கம் நட்டத்தில் ஓடுகிறது என்று அறிக்கை எழுதினர்! பெற்றுக்கொண்ட கையே பற்றாக்குறை எழுதிய விந்தை இது. விலை குறிக்கும் அறை லண்டனிலிருந்து டில்லிக்கு மாறிற்று; தொழிலாளிக்கு அங்கே நாற்காலி போடப்படவில்லை. முன்னர்க் கம்பெனி அநியாயம் செய்தால் அரசிடம் முறையிடலாம் என்ற நம்பிக்கையாவது இருந்தது. அரசே கம்பெனியான பின் முறையிடுவது யாரிடம்?

2001 பிப்ரவரி 28ஆம் நாளோடு சுரங்கம் மூடப்பட்டது. ஏறத்தாழ 800 டன் பொன் தந்த மண், தன் மக்களை அதிகாலை ரயிலில் பெங்களூருக்குக் கூலி வேலைக்கு அனுப்பும் மண்ணாயிற்று.

இலங்கைத் தோட்டங்களில் வாழும் நம் உறவினரின் கதையும் இதற்கு அயலன்று. 1972ஆம், 1975ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தச் சட்டங்களால் ஆங்கிலக் கம்பெனிகளின் தேயிலைத் தோட்டங்கள் அரசுடைமையாயின. கேட்க இனிய செய்திதான். ஆனால் அந்நாளில் தோட்டத் தமிழரிற் பெரும்பாலோர்க்குக் குடியுரிமையும் இல்லை, வாக்கும் இல்லை. 1948 ஆம் ஆண்டுச் சட்டம் அதனைப் பறித்திருந்தது. ஆதலால் கம்பெனியிடமிருந்து பறிக்கப்பட்ட நிலம் அவர்கள் கைக்கு வரவில்லை. பலர் இருந்த லயத்தையும் இழந்து வெளியேற நேர்ந்தது. 1992இல் தோட்ட நிர்வாகம் மீண்டும் தனியார் கம்பெனிகளுக்குச் சென்றது. இதற்கிடையில் படிப்படியாக, ஒப்பந்தம் ஒப்பந்தமாக, 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருந்து மீட்ட குடியுரிமை மட்டும் அவர்களிடம் நிலைத்தது. பெருமாற்றம் வந்தும் போயிற்று. சிறுகச் சிறுகச் சேர்த்தது தங்கிற்று. இதை மட்டும் வைத்துச் சிறு மாற்றமே சிறந்தது என்று முடிவு கட்டிவிடலாமா என்றால், அதுவும் பொருந்தாது.

கட்சிகளுக்குக் கம்பெனிகள் கொடுக்கும் நன்கொடையின் வரலாற்றைப் பாருங்கள். 1957இல் டாட்டா இரும்புக் கம்பெனி கட்சிகளுக்கு நிதி வழங்கத் தன் விதிகளைத் திருத்த முற்பட்டபோது, பம்பாய் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி சாக்ளா அதற்கு இசைவு தந்தாராயினும், இது ஜனநாயகத்துக்கு நேரக்கூடிய ஆபத்து என எச்சரித்தார். 1960இல் நன்கொடையைக் கணக்கில் காட்ட வேண்டும் என்ற விதி வந்தது. 1969இல் ஒரேயடியாகத் தடை விதித்தனர். தேர்தற் செலவுக்கு வேறு வழி செய்யாமல் விதித்த தடையாதலால், வெள்ளைப் பணம் நின்று கறுப்புப் பணம் பின்வாசல் வழியாக நுழைந்தது. 1985இல் தடை நீங்கிற்று. 2013 ஆம் ஆண்டுச் சட்டம் மூன்றாண்டுச் சராசரி இலாபத்தில் நூற்றுக்கு ஏழரை என வரம்பு கட்டியது. 2017இல் நிதிச் சட்டத்தின் ஒரு பிரிவு அவ்வரம்பைத் துடைத்தெறிந்தது. 2018இல் கொடுப்பவர் பெயர் மறைக்கும் தேர்தல் பத்திரம் புறப்பட்டது. 2024 பிப்ரவரி 15ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அதனைச் செல்லாதென்று தீர்த்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் வரி வரியாகக் கட்டிய வேலியை ஒரே வரியால் பிடுங்க முடிந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும். சிறு சீர்திருத்தத்தின் பலவீனம் இதுவே. கட்டியவன் காவல் இருந்தால் அன்றி அது நில்லாது.

நம் கருத்தைக் கேட்டால், மாற்றத்தின் அளவைப் பற்றிய இவ்வழக்கில் நமக்கு அவ்வளவு சுவையில்லை. 1930இல் தங்கவயல் தொழிலாளர் வென்றபோது, ஒவ்வொரு லைனிலும் ஆள் இருந்தான். ஒப்புக்கொண்டதைக் கம்பெனி மீறினால் மறுநாளே தெரிந்துவிடும். 1956இல் வென்றபோது, மாலையிட்டு மகிழ்ந்து, கணக்குப் புத்தகத்தை அதிகாரிகளிடம் விட்டுவிட்டோம். அரசுடைமை தவறன்று, பொன்னின் விலையையும் நோயாளியின் எண்ணிக்கையையும் பார்க்கும் உரிமை அச்சட்டத்தோடு சேர்ந்து வரவில்லை என்பதே குறை. அதனைக் கேட்டுப் பெறும் வலிமை அந்நாளில் நம் சங்கங்களுக்கு இருந்தது. ஆனால் கட்சிக்கொன்றாகப் பிரிந்து நின்ற சங்கங்கள், ஒன்றையொன்று வெல்லுவதிலேயே பெரும்பொழுதைக் கழித்தன.

இது பழங்கதை அன்று. ஆலைகளில் அரைத்துச் சயனைடு இட்டுப் பொன் பிரித்த பின் கொட்டிய மண், தங்கவயலைச் சுற்றி மலைமலையாய்க் கிடக்கிறது. அந்த மேடுகளின் மண் மூன்று கோடி டன்னுக்கு மேல். காற்றடித்தால் அதன் தூசி வீட்டுச் சோற்றுப்பானை வரை வரும். அம்மேடுகளில் எஞ்சியுள்ள பொன்னை எடுக்க வேண்டும் என்ற பேச்சு நெடுநாளாய் உண்டு. 2013இல் உச்ச நீதிமன்றம் சுரங்க நிறுவனத்தின் சொத்துக்கு உலகளாவிய ஏலம் விட வழி திறந்தது. 2024 ஜூனில், 1,003 ஏக்கரிற் பரந்த 13 மேடுகளை ஏலம் விட மத்திய அரசு கொண்டுவந்த யோசனைக்குக் கர்நாடக அமைச்சரவை இசைந்தது. ஆகவே புதிய கம்பெனி ஒன்று தங்கவயலுக்கு வருதல் கூடும்.

அதற்கு முன் நம் சங்கங்கள் கேட்க வேண்டியவை சில உண்டு. மேட்டைக் கிளறும்போது எழும் தூசியை அளப்பவர் யார்? அந்த அளவு ஊராருக்குத் தெரிவிக்கப்படுமா? 2015 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அமைந்த மாவட்டக் கனிம நிதிக்கு இந்த ஏலத்திலிருந்து பங்கு உண்டா? உண்டெனில் அது மாரிகுப்பத்திலும் ஆண்டர்சன்பேட்டையிலும் செலவாகுமா? சுரங்க லைன் வீடுகளில் இன்றும் குடியிருக்கும் பழைய தொழிலாளர் குடும்பங்களுக்கு, ஏலத்துக்கு முன் பட்டா கிடைக்குமா, பின்னரா? ஏல நிபந்தனைகளின் படி ஒன்று, கன்னடத்திலும் தமிழிலும், ராபர்ட்சன்பேட்டை நகரசபை அலுவலகத்தில் எவரும் பார்க்கும்படி வைக்கப்பட வேண்டும் என்று கேட்டு மனு அனுப்புவதற்குப் பெரும் புரட்சி எதுவும் தேவையில்லை. ஒரு தாளும், கையொப்பமிட மனமுள்ள சில நூறு குடும்பங்களும் போதும்.