கிரேட் ஜோன்ஸ் தெருத் தீயணைப்பு நிலையம்

கிரேட் ஜோன்ஸ் தெருத் தீயணைப்பு நிலையம் அமெரிக்காவின் நியூயார்க் நகரில், மன்ஹாட்டன் பகுதியில் உள்ளது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டப்பட்ட இந்த நிலையம் இன்றும் இயங்கி வருகிறது. எஞ்சின் கம்பெனி 33, ஏணிக் கம்பெனி 9 ஆகிய இரு தீயணைப்புப் பிரிவுகள் இங்கிருந்து பணிபுரிகின்றன. அழகான முகப்புக்காகவே இந்தக் கட்டடம் பரவலாக அறியப்படுகிறது. ஆனால் அதன் வரலாற்றில் வேறொரு கேள்வியும் தொடர்ந்து வருகிறது: நகரம் மேலே மேலே வளரும்போது, தரையில் நின்று தீயை அணைப்பவர்களால் எவ்வளவு உயரம் எட்ட முடியும்? 1911ஆம் ஆண்டிலும் 2001ஆம் ஆண்டிலும் இந்தக் கேள்விக்கு நகரம் பெரும் விலை கொடுத்தது.

அமைவிடமும் பெயரும்

கிரேட் ஜோன்ஸ் தெரு, மன்ஹாட்டனின் நோஹோ பகுதியில் பிராட்வேக்கும் பௌரி சாலைக்கும் இடையே உள்ள குறுகிய தெரு. வழக்கறிஞரான சாமுவேல் ஜோன்ஸ் என்பவரின் பெயரால் இது அழைக்கப்படுகிறது. நகரில் ஏற்கெனவே ஒரு ஜோன்ஸ் தெரு இருந்ததால், இதற்குப் 'பெரிய' என்னும் பொருள்படும் 'கிரேட்' என்ற அடைமொழி சேர்ந்தது. நிலையம் இத்தெருவில் 42, 44ஆம் எண்களைக் கொண்ட மனையில் நிற்கிறது.

தன்னார்வலர்களின் காலம்

1865 வரை நியூயார்க்கில் தீயை அணைத்தவர்கள் ஊதியம் பெறாத தன்னார்வலர்கள். கொல்லர், தச்சர், கசாப்புக்காரர், கடை ஊழியர் எனப் பலரும் தங்கள் வேலையை விட்டுவிட்டு, மணியோசை கேட்டதும் ஓடி வந்தனர். கையால் இயக்கும் நீரேற்று வண்டிகளைத் தாங்களே இழுத்துச் சென்றனர். ஒவ்வொரு குழுவுக்கும் தனிப்பெயர், தனிச்சின்னம், தனிப்பெருமை இருந்தன. முதலில் தண்ணீர்க் குழாயை அடையும் குழுவுக்கே மதிப்பு என்பதால் குழுக்களிடையே போட்டி கடுமையாக இருந்தது. வீடு ஒருபுறம் எரிய, தெருவில் இரு குழுக்கள் கைகலப்பில் ஈடுபட்ட நிகழ்வுகளும் உண்டு.

இக்குழுக்கள் அரசியலுக்கு நுழைவாயிலாகவும் இருந்தன. பின்னாளில் நகராட்சி ஊழலுக்குப் பெயர்போன வில்லியம் ட்வீட், 'அமெரிக்கஸ்' என்ற தீயணைப்புக் குழுவின் தலைவராக இருந்தே செல்வாக்குப் பெற்றார்.

இம்முறையின் போதாமையை 1835ஆம் ஆண்டு டிசம்பரில் மூண்ட பெருந்தீ வெளிப்படுத்தியது. ஆற்று நீர் உறைந்துபோகும் அளவுக்குக் கடும் குளிர் நிலவிய அந்த இரவில், நகரின் வணிகப் பகுதியில் சுமார் 700 கட்டடங்கள் அழிந்தன. 1842இல் குரோட்டன் குழாய்த்திட்டம் வழியாக நகருக்குத் தண்ணீர் வந்தது. பின்னர் நீராவியால் இயங்கும் நீரேற்று எஞ்சின்கள் வந்தன. நீராவி எஞ்சினை இயக்க ஐம்பது பேரின் தோள்வலிமை தேவையில்லை. பயிற்சி பெற்ற சிலரும் குதிரைகளும் போதும். 1865இல் நியூயார்க் மாநிலம் சட்டம் இயற்றி, ஊதியம் பெறும் தீயணைப்புத் துறையை உருவாக்கியது. எஞ்சின் கம்பெனி 33 அந்தத் துறையின் தொடக்ககாலப் பிரிவுகளில் ஒன்று.

'கம்பெனி' என்றால் என்ன?

இங்கு 'கம்பெனி' என்பது வணிக நிறுவனத்தைக் குறிக்காது. படையில் ஒரு பிரிவைக் கம்பெனி என்று அழைப்பது போன்ற வழக்கு இது. ஒரு கேப்டன், சில லெப்டினன்ட்கள், வீரர்கள், ஒரு வண்டி ஆகியவை சேர்ந்தது ஒரு கம்பெனி. நியூயார்க்கில் இவை முக்கியமாக இரு வகைப்படும்.

எஞ்சின் கம்பெனி: தண்ணீருக்குப் பொறுப்பான பிரிவு. தெருவில் உள்ள தண்ணீர்க் குழாயுடன் வண்டியை இணைத்து, நீரின் அழுத்தத்தைக் கூட்டி, குழாயை நெருப்பு இருக்கும் இடம்வரை கொண்டு செல்வது இதன் வேலை.

ஏணிக் கம்பெனி: ஆட்களை மீட்கும் பிரிவு. பூட்டிய கதவுகளை உடைப்பது, உள்ளே சிக்கியவர்களைத் தேடுவது, கூரையையும் சன்னல்களையும் திறந்து புகையை வெளியேற்றுவது ஆகியன இதன் பணிகள். எரியும் கூரையையும் சுவரையும் இழுத்துத் தள்ள நீண்ட கொக்கிகளைப் பயன்படுத்தியதால் இதற்குக் 'கொக்கி ஏணிக் கம்பெனி' என்ற பழைய பெயரும் உண்டு.

இரண்டும் ஒன்றையொன்று சார்ந்தவை. தண்ணீர் வராவிட்டால் தேடச் சென்றவர்கள் நெருப்பில் சிக்குவார்கள். புகை வெளியேறாவிட்டால் குழாய் பிடித்தவர்கள் முன்னேற முடியாது. கிரேட் ஜோன்ஸ் தெரு நிலையத்தில் தொடக்கம் முதல் எஞ்சின் கம்பெனி 33 இருந்து வருகிறது. ஏணிக் கம்பெனி 9, 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கு வந்து சேர்ந்தது.

கட்டடமும் கட்டடக் கலைஞரும்

இப்போதுள்ள கட்டடத்தை எர்னஸ்ட் ஃபிளாக், வால்டர் சேம்பர்ஸ் ஆகியோர் வடிவமைத்தனர். இதன் கட்டுமானம் 1898–99இல் நடைபெற்றது. ஃபிளாக் பாரிஸில் உள்ள புகழ்பெற்ற நுண்கலைப் பள்ளியில் பயின்றவர். அப்பள்ளியின் 'போசார்' பாணி இக்கட்டடத்தில் தெளிவாகத் தெரிகிறது. செங்கல்லும் சுண்ணாம்புக் கல்லும் கொண்ட முகப்பின் பெரும்பகுதியை ஒரே ஒரு பெரிய வளைவு நிரப்புகிறது. வளைவுக்குள் உயரமான சன்னல்கள், அவற்றின் முன் இரும்புக் கைப்பிடிகள், உச்சியில் செதுக்கிய பெரிய கல்முத்திரை ஆகியவை உள்ளன. கீழே வண்டிகள் வெளியேற இரு அகலமான கதவுகள். அரண்மனைக்கு உரிய அலங்காரத்தை வண்டிக் கொட்டகைக்குக் கொடுத்தது அக்கால நகராட்சிகளின் போக்கைக் காட்டுகிறது. பொதுப்பணிக் கட்டடங்கள் நகரின் கௌரவத்தைக் காட்ட வேண்டும் என அவை விரும்பின.

இதே ஃபிளாக்தான் பின்னர் சிங்கர் தையல் இயந்திர நிறுவனத்துக்காகச் சிங்கர் கட்டடத்தை வடிவமைத்தார். 1908இல் முடிவுற்ற அக்கோபுரம் 187 மீட்டர் உயரம் கொண்டது. அன்று உலகின் மிக உயரமான அலுவலகக் கட்டடம் அதுவே. ஆயினும் வானளாவிய கட்டடங்களுக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்று வாதிட்டவர்களில் அவரும் ஒருவர். மனையின் கால் பங்கில் மட்டுமே கோபுரம் எழலாம் என்ற அவருடைய கருத்துக்கு இணையான விதி, நியூயார்க்கின் 1916ஆம் ஆண்டு மண்டலச் சட்டத்தில் இடம்பெற்றது.

குதிரைகளின் நாட்கள்

நிலையம் கட்டப்பட்ட காலத்தில் எஞ்சின்களைக் குதிரைகள் இழுத்தன. குதிரைகள் தரைத்தளத்திலேயே, வண்டிக்கு அருகில் நின்றன. சேணங்கள் கூரையிலிருந்து தொங்கவிடப்பட்டிருக்கும். மணி அடித்ததும் பயிற்சி பெற்ற குதிரைகள் தாமாகவே வந்து உரிய இடத்தில் நிற்கும். சேணம் மேலிருந்து அவற்றின் மீது இறங்கும். வீரர்கள் கொக்கிகளை மாட்டுவார்கள். எஞ்சினின் கொதிகலனில் எப்போதும் வெந்நீர் நிரப்பி வைத்திருந்ததால், வழியிலேயே நீராவி அழுத்தம் உயர்ந்துவிடும்.

வீரர்கள் மாடியில் உறங்கினர். படிக்கட்டில் இறங்கும் நேரத்தை மிச்சப்படுத்த, தரையில் துளையிட்டு நிறுத்திய கம்பத்தைப் பற்றிச் சறுக்கி இறங்கும் முறை அமெரிக்க நிலையங்கள் பலவற்றில் பரவியிருந்தது. 1878இல் சிகாகோவில் இம்முறையைத் தொடங்கி வைத்தவர் எஞ்சின் கம்பெனி 21இன் கேப்டன் டேவிட் கென்யன். அது கறுப்பின வீரர்கள் பணியாற்றிய கம்பெனி. முதலில் மற்ற கம்பெனிகள் அதைப் பார்த்துச் சிரித்தன. அவர்கள் மற்றவர்களுக்கு முன்பே தீ நிகழ்ந்த இடத்தை அடைவதைக் கண்ட பிறகு அனைவரும் அதைப் பின்பற்றினர்.

1910களில் மோட்டார் வண்டிகள் பெருகின. 1922ஆம் ஆண்டு டிசம்பரில் நியூயார்க் தீயணைப்புத் துறையின் கடைசிக் குதிரைகள் ஓய்வு பெற்றன.

குரோக்கரின் எச்சரிக்கை

1899இல் எட்வர்ட் குரோக்கர் நகரின் தீயணைப்புத் துறைத் தலைவரானார். கிரேட் ஜோன்ஸ் தெரு நிலையமே அவருடைய இருப்பிடமாகவும் இருந்தது. அவர் அன்றைய நகர அரசியலை ஆட்டிவைத்த ரிச்சர்ட் குரோக்கரின் உறவினர். ஆகவே இது சலுகையால் கிடைத்த பதவி என்ற பேச்சு எழுந்தது. ஆனால் பணிக்களத்தில் அவர் அச்சமற்றவர் என்ற பெயரைப் பெற்றார்.

அவருடைய கவலை உயரம் பற்றியது. அக்காலத்தில் உயர்ந்த மாடிகளில் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள் நெருக்கமாக இயங்கின. துணியும் பஞ்சும் தாளும் குவிந்த அக்கூடங்களில் நூற்றுக்கணக்கானோர் வேலை செய்தனர். ஏழு மாடிகளுக்கு மேல் மூளும் தீயைத் தம் துறையால் திறம்படச் சமாளிக்க முடியாது என்று குரோக்கர் வெளிப்படையாகக் கூறினார். 1910ஆம் ஆண்டு நவம்பரில் அருகிலுள்ள நூவர்க் நகரின் தொழிற்சாலைத் தீயில் இருபதுக்கும் மேற்பட்ட பெண் தொழிலாளர்கள் இறந்தபோது, அதே நிலை நியூயார்க்கிலும் நேரலாம் என்று எச்சரித்தார்.

நான்கு மாதங்களில் அது நேர்ந்தது. 1911 மார்ச் 25, சனிக்கிழமை மாலை, வேலை முடியும் வேளையில் ஆஷ் கட்டடத்தின் எட்டாம் மாடியில் தீப்பிடித்தது. எட்டு, ஒன்பது, பத்தாம் மாடிகளில் டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலை இயங்கியது. அக்கட்டடம் கிரேட் ஜோன்ஸ் தெரு நிலையத்திலிருந்து ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் இருந்தது. தீயணைப்பு வண்டிகள் சில நிமிடங்களில் வந்துவிட்டன. ஆனால் ஏணி ஆறாம் மாடியை ஒட்டியே நின்றுவிட்டது. ஒன்பதாம் மாடியில் மாடிப்படிக் கதவு ஒன்று பூட்டப்பட்டிருந்தது. வெளிப்புறத் தப்பிக்கும் படிக்கட்டு சுமை தாங்காமல் சரிந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் சன்னல்களிலிருந்து விழுந்தோ குதித்தோ இறந்தனர். விரித்துப் பிடித்த வலைகள் அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தவர்களைத் தாங்கவில்லை. மொத்தம் 146 பேர் உயிரிழந்தனர். அவர்களில் பெரும்பாலோர் இத்தாலியிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் வந்து குடியேறிய இளம்பெண்கள்.

அந்தக் கட்டடம் இன்றும் நிற்கிறது. நியூயார்க் பல்கலைக்கழகம் அதைப் பயன்படுத்துகிறது. 'தீப்பிடிக்காத கட்டடம்' என்ற பெயருக்கு ஏற்ப அதன் சுவர்களும் தளங்களும் தப்பின. அதனுள் இருந்தவர்களைக் காக்க எந்த ஏற்பாடும் இருக்கவில்லை.

சில வாரங்களில் குரோக்கர் பதவி விலகி, தீத்தடுப்புப் பணியில் இறங்கினார். அதே ஆண்டு நகரத் தீயணைப்புத் துறையில் தீத்தடுப்புக்கெனத் தனிப் பிரிவு அமைந்தது. மாநில அளவில் தொழிற்சாலை விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. அதன் பரிந்துரைகளிலிருந்து, வெளியேறும் வழிகள், தீப்பயிற்சி, தானியங்கி நீர்த்தெளிப்பான்கள் தொடர்பான சட்டங்கள் பிறந்தன. அன்று தெருவில் நின்று தீயை நேரில் பார்த்த பிரான்சிஸ் பெர்கின்ஸ், 1933இல் அமெரிக்காவின் தொழிலாளர் துறை அமைச்சரானார்.

2001 செப்டம்பர் 11

தொண்ணூறு ஆண்டுகள் கழித்து இந்த நிலையத்தின் வீரர்கள் மீண்டும் அதே கேள்வியை எதிர்கொண்டனர். காலை 8.46 மணிக்கு உலக வர்த்தக மையத்தின் வடக்குக் கோபுரத்தில் விமானம் மோதியது. சேதமடைந்த தளங்கள் 93ஆம் மாடியில் தொடங்கின. எந்த ஏணியும் அதன் பத்தில் ஒரு பங்கு உயரத்துக்கு மேல் எட்டாது. மின்தூக்கிகளில் பெரும்பாலானவை செயலிழந்துவிட்டன. எனவே வீரர்கள் உடைகள், காற்று உருளை, கருவிகள் எனச் சுமார் 27 கிலோ சுமையுடன் படிக்கட்டில் ஏறினர். எதிரே மக்கள் இறங்கிக் கொண்டிருந்தனர்.

எஞ்சின் கம்பெனி 33இன் லெப்டினன்டாக அன்று பணியில் இருந்தவர் கெவின் ஃபைஃபர். கோபுரத்தின் முகப்புக் கூடத்தில் நின்று பிரிவுகளை மேலே அனுப்பிக் கொண்டிருந்தவர் அவருடைய அண்ணன் ஜோசப் ஃபைஃபர். சம்பவ இடத்துக்கு வந்த முதல் தலைமை அதிகாரி அவர். அண்ணனிடம் உத்தரவு பெற்றுத் தம்பி படியேறினார். காலை 10.28 மணிக்குக் கோபுரம் சரிந்தது. கெவின் திரும்பவில்லை.

அன்று இறந்த நியூயார்க் தீயணைப்புத் துறையினர் 343 பேர். எஞ்சின் கம்பெனி 33, ஏணிக் கம்பெனி 9 ஆகியவற்றிலிருந்து மட்டும் 10 பேர் உயிரிழந்தனர்.

இம்முறையும் சட்டங்கள் பின்னர் வந்தன. நியூயார்க் நகரின் 2004ஆம் ஆண்டு 26ஆம் எண் சட்டம், 100 அடிக்கு மேற்பட்ட பழைய அலுவலகக் கட்டடங்களில் 15 ஆண்டுகளுக்குள் தானியங்கி நீர்த்தெளிப்பான்களைப் பொருத்த வேண்டும் என்று கூறியது. படிக்கட்டுகளில் இருளில் ஒளிரும் வழிகாட்டிக் கோடுகளையும் கட்டாயமாக்கியது.

இன்றைய நிலை

1968இல் நியூயார்க் நகரம் இந்த நிலையத்தைப் பாதுகாக்கப்பட்ட அடையாளச் சின்னமாக அறிவித்தது. ஃபிளாக்கின் சிங்கர் கோபுரம் இடிபட்டுக் கொண்டிருந்ததும் ஏறத்தாழ அதே காலத்தில்தான். உலகின் உயரமான கோபுரம் அறுபது ஆண்டுகளில் மறைந்தது; அதே கலைஞரின் சிறிய தீயணைப்பு நிலையம் நூற்றாண்டைக் கடந்தும் அது கட்டப்பட்ட வேலையையே செய்து வருகிறது.

இன்றைய வான்ஏணிகள் வழக்கமாகச் சுமார் 100 அடி, அதாவது 30 மீட்டர் உயரம் எட்டுகின்றன. அதற்கு மேல் உள்ள தீயைக் கட்டடத்தின் உள்ளிருந்தே அணைக்க வேண்டும். கட்டடத்துக்குள் செங்குத்தாகச் செல்லும் தண்ணீர்க் குழாய், தானியங்கி நீர்த்தெளிப்பான், புகை புகாத படிக்கட்டு, பூட்டப்படாத கதவு ஆகியவை முன்கூட்டியே அமைந்திருந்தால்தான் அது முடியும். குரோக்கர் 1910இல் கேட்டதும் ஏறக்குறைய இதைத்தான்.