நிலா அப்பம்

நிலா அப்பம் என்பது சீனர்கள் நடு இலையுதிர்காலத் திருநாளில் உண்ணும் ஒரு பண்டம் ஆகும். சீன மொழியில் இது யுவெபிங் எனப்படும். யுவெ என்பது நிலா. பிங் என்பது மாவினால் செய்த தட்டையான பண்டம். சிங்கப்பூர், மலேசியத் தமிழரிடையே மூன்கேக் என்ற பெயரே வழங்குகிறது. இத்திருநாள் சீன நாட்காட்டியின் எட்டாம் மாதம் 15ஆம் நாளில், முழுநிலவை ஒட்டி வருகிறது. சீனாவில் 2008 முதல் இது பொது விடுமுறையாக உள்ளது.

== வகைகள் ==
பரவலாக அறியப்பட்டது காண்டன் வகை. மாவைச் சர்க்கரைப் பாகு, எண்ணெய், சிறிது காரநீர் ஆகியவற்றுடன் பிசைந்து, தாமரை விதைப் பூரணத்தைப் பொதிந்து, அச்சில் அழுத்திச் சுடுவர். பூரணத்தின் நடுவில் உப்பிட்ட வாத்து முட்டையின் மஞ்சள் கரு இருக்கும். வெட்டும்போது அது முழுநிலவு போலத் தோன்றும். பழைய செய்முறையில் பன்றிக் கொழுப்பும் சேர்வதுண்டு. எனவே புலால் உண்ணாதோர் கேட்டறிந்து வாங்குதல் நன்று. மலேசியாவில் ஹலால் வகைகளும் விற்கப்படுகின்றன. சூச்சௌ வகை மெல்லிய அடுக்குகளாக உதிரும். அதில் இறைச்சிப் பூரணமும் உண்டு.

== பகிர்ந்துண்ணல் ==
ஒருவர் முழு அப்பத்தையும் உண்பது வழக்கமன்று, அவ்வளவு திகட்டும். சிறு துண்டுகளாக வெட்டி, சர்க்கரை சேர்க்காத தேநீருடன் குடும்பத்தினர் பகிர்ந்துகொள்வர். அதன் வட்ட வடிவம் குடும்பத்தின் ஒன்றுகூடலைக் குறிக்கும். மங்கோலியருக்கு எதிரான கிளர்ச்சிச் செய்தி 14ஆம் நூற்றாண்டில் இவ்வப்பங்களுக்குள் மறைத்து அனுப்பப்பட்டது என்ற கதை புகழ்பெற்றது. எனினும் அதற்கு அக்காலத்துச் சான்று இல்லை.

== பரிசும் விலையும் ==
நிலா அப்பத்தைப் பரிசளிக்கும் வழக்கம் மிங் அரசமரபுக் காலத்திலேயே இருந்தது. அண்மைக் காலத்தில் இது பெரும் வணிகமாயிற்று. நிறுவனங்கள் அப்பச் சீட்டுகளை வாங்கி ஊழியர்களுக்கு அளிக்கின்றன. பெற்றவர்கள் சிலர் அவற்றைத் தரகரிடம் விற்க, தரகர் தயாரிப்பாளரிடமே குறைந்த விலைக்குத் திருப்பித் தருவதுண்டு. இவ்வாறு ஓர் அப்பமும் சுடப்படாமலேயே பணம் மட்டும் கைமாறிவிடுகிறது! விலையுயர்ந்த பெட்டிகள் கையூட்டாகவும் பயன்பட்டன. இதனால் அரசுப் பணத்தில் நிலா அப்பம் வாங்கிப் பரிசளிப்பதைச் சீனப் பொதுவுடைமைக் கட்சி 2013இல் தடை செய்தது. 2022இல் 500 யுவானுக்கு மேற்பட்ட விலையுள்ள பெட்டிகள் கண்காணிப்புக்கு உட்படுத்தப்பட்டன. பொதியுறை மூன்று அடுக்குகளுக்கு மிகக்கூடாது எனவும் விதிக்கப்பட்டது.