பச்சை டிக்கை நம்பினேன்

"தம்பி, அப்பாவுக்கு வருஷ திதி வருது. உங்க ஊர்ப் பனியில குல்லா போட்டுக்கிட்டு சிரிப்பாரே, அந்தப் போட்டோவைப் பெருசா பிரேம் போடணும். அனுப்புப்பா" என்றார் அம்மா. "அஞ்சு நிமிஷம்மா" என்றேன். சாஃப்ட்வேர் என்ஜினீயர் இல்லையா, அந்தத் திமிர்.

எங்க வீட்டுப் படங்கள் மொத்தம் 46,000. பாதிக்கு மேல குழந்தை தூங்குற படம்தான். போன வருஷம் கிளவுட் கணக்கு நிரம்பிவிட்டது. மாசாமாசம் கூடுதல் பணம் கட்டுவானேன் என்று பழைய வருஷங்களை அழித்துவிட்டேன். லேப்டாப்பை தினமும் எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் பேக்கப் எடுக்க ஒரு மென்பொருள் இருந்தது. தினமும் பச்சை டிக் காட்டும். அப்புறம் என்ன கவலை?

திரும்ப எடுக்கப் போனபோதுதான் கூத்து. ஒரு படத்தை மட்டும் எடுக்க வழியில்லை, மொத்த லைப்ரரியையும் இறக்கணும். முதல் ராத்திரி 97 சதவீதத்தில் நின்றது. ஏதோ ஒரு ஃபைலில் பிழையாம். எந்த ஃபைல்? சொல்லாது. மறுபடி முதலிலிருந்து. மூன்றாம் நாள் அப்பா வந்தார், தபால்தலை அளவில். பெரிதாக்கினால் முகமே கலங்கிப்போச்சு.

லேப்டாப்பில் இடம் மிச்சமாகட்டும் என்று போட்டோ செயலியில் ஒரு செட்டிங்கை நானே எப்போதோ ஆன் செய்திருக்கிறேன். அசல் படங்கள் கிளவுடில் இருக்கும், லேப்டாப்பில் சின்ன நகல்கள் மட்டும். பேக்கப் மென்பொருள் லேப்டாப்பில் இருந்ததைத்தான் எடுத்து வைத்தது. பொய் சொல்லவில்லை, ஆனால் 'அசல் இங்கே இல்லை' என்று ஒரு வார்த்தை எச்சரிக்கவும் இல்லை. கிளவுடில் அழித்தது போனிலும் அழிந்துவிட்டது. சிங்க் என்றால் அப்படித்தான். அழித்த படம் 30 நாள் குப்பைத்தொட்டியில் இருக்கும். நான் தேடியதோ பத்து மாசம் கழித்து.

உங்க வீட்டில் ஒரு கம்ப்யூட்டரிலாவது அசல்கள் இறங்கும்படி செட்டிங்கை மாற்றுங்க. பேக்கப்பிலிருந்து ஒரு பழைய படத்தை எடுத்து அளவைப் பாருங்க. 12 மெகாபிக்சல் படம் ஒன்றிரண்டு எம்பியாவது இருக்கும். 100 கேபி காட்டினால் அது வெறும் நகல். இதைப் பார்க்காமல் கிளவுடில் எதையும் அழிக்காதீங்க.

கடைசியில் பெரியம்மா போனில், நான் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிரதி கிடைத்தது. வாட்ஸ்அப் சுருக்கியதில் நீளவாக்கில் 1600 பிக்சல்தான். 18 அங்குலத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 90 புள்ளிகூடத் தேறாது. ஸ்டுடியோக்காரர் 300 கேட்டார். அதனால் 6 அங்குல பிரேம்தான் போட முடிந்தது.

"பரவாயில்லப்பா" என்றார் அம்மா, "கிட்டப் போய்ப் பார்த்துக்கறேன்."