துர்காவை நம்பாத கமிட்டி... இந்தியாவின் முதல் டெஸ்ட் டியூப் பேபியும் ஒரு டாக்டரின் கதையும்!

குழந்தைக்காக சிகிச்சை எடுக்கும் தம்பதியிடம் கேட்டுப்பாருங்கள். பத்துப் பன்னிரண்டு நாள் ஹார்மோன் ஊசி, பிறகு கருமுட்டை எடுப்பது, கருவை உறைநிலையில் வைப்பது, ஒன்றிரண்டு மாதம் கழித்து கர்ப்பப்பையில் வைப்பது என்று வரிசையாகச் சொல்வார்கள். இன்றைக்கு நம் ஊர் கருத்தரிப்பு மையங்களில் இது சாதாரண நடைமுறை. கிட்டத்தட்ட இதே வரிசையில் 1978-லேயே கொல்கத்தாவில் ஒருவர் செய்து காட்டினார். அதற்கு அவருக்குக் கிடைத்த பட்டம்... பொய்யர்!

அவர் பெயர் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய். 1931-ல் ஹசாரிபாக்கில் பிறந்தவர். எம்.பி.பி.எஸ். முடித்ததும் கிளினிக் வைத்து சம்பாதிக்கப் போகவில்லை. இனப்பெருக்க உடலியலில் கொல்கத்தா பல்கலைக்கழகத்தில் ஒரு பிஹெச்.டி., பிறகு இங்கிலாந்து பக்கம் போய், எடின்பரோவில் ஹார்மோன்கள் பற்றி இன்னொரு பிஹெச்.டி. வாங்கி 1967-ல் ஊர் திரும்பினார்.

1978 ஜூலை 25-ம் தேதி இங்கிலாந்தில் உலகின் முதல் டெஸ்ட் டியூப் பேபி லூயிஸ் பிரவுன் பிறந்தாள். உலகமே அந்தச் செய்தியில் மூழ்கியிருந்தபோது, அக்டோபர் 3-ம் தேதி கொல்கத்தாவில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. துர்கா பூஜை நெருங்கிக்கொண்டிருந்த நேரம் என்பதால் 'துர்கா' என்று பெயர். அம்மாவுக்குக் கருக்குழாய்களில் பாதிப்பு. மகப்பேறு மருத்துவர் சரோஜ் காந்தி பட்டாச்சார்யா, உறைநிலை நுட்பம் தெரிந்த சுனித் முகர்ஜி இருவரும் சுபாஷுக்குத் துணை. அவ்வளவுதான் மொத்த டீமும்!

அப்படி என்ன புதுசு?

இங்கேதான் விஷயமே இருக்கிறது. இங்கிலாந்தில் எட்வர்ட்ஸும் ஸ்டெப்டோவும் லூயிஸுக்காக ஹார்மோன் ஊசி எதுவும் போடவில்லை. இயற்கையாக அந்த மாதம் வளர்ந்த ஒற்றை முட்டையை எடுத்தார்கள். சுபாஷ் வேறு வழியில் போனார். மாதவிடாய் நின்ற பெண்களின் சிறுநீரிலிருந்து பிரித்தெடுக்கப்படும் ஹார்மோனைக் கொடுத்து, ஒரே சமயத்தில் பல முட்டைகளை வளரவைத்தார். வயிற்றில் துளை போடாமல், பிறப்புறுப்பு வழியாகவே முட்டைகளை எடுத்தார்.

ஆனால், ஊசி போட்டு முட்டைகளைத் தூண்டும்போது ஹார்மோன் அளவு தாறுமாறாக ஏறிவிடும். கர்ப்பப்பையின் உள்சுவர் அந்த மாதம் கருவை ஏற்கும் பக்குவத்தில் இல்லாமல் போகலாம். வயலைப் பண்படுத்தாமல் நாற்று நட்டால் என்ன ஆகும்? அதனால் அவர் அவசரப்படவில்லை. டைமெத்தில் சல்ஃபாக்சைடு என்ற ரசாயனத்தின் பாதுகாப்போடு கருவை 53 நாள்கள் உறையவைத்தார். உடம்பு இயல்பு நிலைக்குத் திரும்பியதும், ஊசி எதுவும் போடாத ஒரு மாதச் சுழற்சியில் அதைக் கர்ப்பப்பைக்குள் வைத்தார். உறைந்த கருவிலிருந்து ஆஸ்திரேலியாவில் ஒரு குழந்தை பிறந்து உலகம் வியந்தது 1984-ல்தான்.

விசாரணை

பாராட்ட வேண்டிய மேற்கு வங்க அரசு, 1978 நவம்பரில் ஒரு கமிட்டி போட்டது. அதன் தலைவர் யார் தெரியுமா? ரேடியோ இயற்பியல் விஞ்ஞானி! (நல்லவேளை, வானொலி நிலையத்தில் விசாரணை நடத்தவில்லை.) துர்காவின் பெற்றோர் ஊரார் பேச்சுக்குப் பயந்து வெளியே வரத் தயங்கினார்கள். அதைச் சொல்லியும் குற்றமில்லை, அந்தக் காலம் அப்படி. ஆனால் சுபாஷ் சொன்ன எதையும் கமிட்டி ஏற்கவில்லை. எல்லாமே போலி என்று முடித்துவிட்டது. தன் முறையை விளக்க ஜப்பானிலிருந்து அழைப்பு வந்தபோது, போகவும் அரசு அனுமதிக்கவில்லை.

கடைசியாக ஒரு டிரான்ஸ்ஃபர் ஆர்டர் வந்தது. 1981 ஜூனில், ஹார்மோன் ஆராய்ச்சியாளரான அவரைக் கண் மருத்துவ நிலையத்துக்கு மாற்றினார்கள். அந்த மாதம் 19-ம் தேதி சுபாஷ் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 50.

இவர் வாழ்க்கையின் சாயலில் 1990-ல் தபன் சின்ஹா எடுத்த இந்திப் படம்தான் 'ஏக் டாக்டர் கி மௌத்'. பங்கஜ் கபூர் நடித்தது, அவசியம் பாருங்கள். படத்தில் டெஸ்ட் டியூப் பேபியைத் தொழுநோய்த் தடுப்பூசியாக மாற்றியிருப்பார்கள்.

கிரீடத்தைக் கழற்றிக் கொடுத்தவர்

1986 ஆகஸ்ட் 6-ல் மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் ஹர்ஷா என்ற பெண் குழந்தை பிறந்தாள். 'இந்தியாவின் முதல் டெஸ்ட் டியூப் பேபி' என்று நாடே கொண்டாடியது. டாக்டர் இந்திரா ஹிந்துஜாவோடு அந்தச் சாதனைக்குப் பின்னால் இருந்த விஞ்ஞானி டி.சி.ஆனந்த் குமார்.

1997-ல் கொல்கத்தா போன அவர் கைக்கு, சுபாஷின் கையெழுத்துக் குறிப்புகள் வந்து சேர்ந்தன. உட்கார்ந்து வரி வரியாகப் படித்தார். துர்காவின் அம்மா அப்பாவிடமும் பேசினார். கரு உறைய வைப்பது பற்றி சுபாஷ் 1978-லேயே ஓர் ஆய்விதழில் எழுதியிருந்த குறிப்பும் இருந்தது. சந்தேகமே இல்லை என்று தெரிந்ததும் ஆனந்த் குமார் என்ன செய்தார் தெரியுமா? 'கரன்ட் சயின்ஸ்' இதழில் கட்டுரை எழுதி, முதல் பெருமை எனக்கில்லை, சுபாஷுக்குத்தான் என்று அறிவித்தார். தன் பெயருக்கு முன்னால் இருந்த 'முதல்' என்ற சொல்லைத் தானே அழிக்க எத்தனை பேருக்கு மனம் வரும், சொல்லுங்கள்? அதன் பிறகே இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் 2002-ல் சுபாஷின் பணியை அங்கீகரித்தது.

2003-ல் சுபாஷ் நினைவாக ஒரு விழா நடந்தது. அதில் ஓர் இளம்பெண் எழுந்து, துர்கா நான்தான் என்று முதன்முறையாக வெளியுலகத்துக்குத் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். அவருக்கு அது 25-வது பிறந்தநாள். சுபாஷ் இறந்தபோது அவருக்கு மூன்று வயதுகூட நிரம்பியிருக்கவில்லை.