மாநகரப் புகையிரதமும் அரசாங்க மானியமும்

பிரயாணச் சீட்டின் விலை பிரயாணத்தின் முழுச் செலவன்று. மாநகரங்களிலே காலையும் மாலையும் நிறைந்தோடும் புகையிரதங்கள் நடுப்பகலில் வெறுமையாக ஓடுகின்றன. நெருக்கடி வேளைக்கென வாங்கிய வண்டிகளும் அமர்த்திய ஊழியரும் எஞ்சிய வேளையிலும் செலவுக்குக் காரணமாகின்றனர். ஆதலின், உலகின் பெரும்பாலான மாநகரப் புகையிரத சேவைகள் கட்டண வருவாயால் மட்டும் நிலைபெற இயலாதவை. குறையைப் பொதுப்பணமே நிரப்புகின்றது.

அப்பணம் எவருடையது? பூண்டுலோயாவிலே புகையிரத நிலையம் இல்லை; அவ்வூரார் வண்டியேற வேற்றூருக்குச் செல்லுதல் வேண்டும். எனினும், அங்குள்ள தோட்டத் தொழிலாளி கடைப்பொருளின் விலையோடு செலுத்தும் மறைமுக வரியும் திறைசேரியையே சேர்கின்றது. கொழும்பு நோக்கி ஓடும் அலுவலகப் புகையிரதங்களின் நட்டத்தைத் தாங்குவதும் அத்திறைசேரியே. எனவே, மானியம் எம்முறையில் வழங்கப்படுகின்றது என்பது மாநகரத்தார்க்கு மட்டும் உரிய வினாவன்று.

மானிய முறைகளை மூன்றாக வகுக்கலாம். முதலாவது, நேர்ந்த நட்டத்தை அரசாங்கமே ஏற்றுக்கொள்ளும் முறை. 1864ஆம் ஆண்டு அம்பேபுஸ்ஸவுக்கு முதல் வண்டி ஓடிய காலந்தொட்டு இலங்கைப் புகையிரதம் அரசாங்கத்தின் உடைமையாகவே இருந்து வருகின்றது. வருவாய் திறைசேரியைச் சேர, செலவு வரவுசெலவுத் திட்டத்தில் ஒதுக்கப்படுகின்றது. இம்முறை எளிது, இடையே இலாபங் கொள்வாரும் இலர். ஆனால், எந்தப் பாதையில், எவருக்காக, எவ்வளவு நட்டம் ஏற்கப்பட்டது என்பது இதனால் விளங்குவதில்லை.

இரண்டாவது, ஒரு சேவையின் இலாபத்தால் மற்றொன்றின் நட்டத்தை ஈடுசெய்தல். சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்குமிடையே 1931இல் தொடங்கிய மின்சார வண்டிச் சேவை இந்திய இரயில்வேயைச் சார்ந்தது. இந்திய இரயில்வேயின் பிரயாணிகள் சேவையில் நேரும் நட்டத்தைச் சரக்கு வருவாயே பெரிதும் தாங்குகின்றது. இலங்கையிலும் 1885இல் நானுஓயாவை எட்டிய மலைநாட்டுப் பாதை கோப்பியையும் தேயிலையையும் நம்பியே அமைக்கப்பட்டது. சரக்கு லொறிகளுக்கு மாறியபின் அவ்வழி இங்கு அடைபட்டது.

மூன்றாவதே பொதுச்சேவை ஒப்பந்தம். எப்பாதையில், எத்தனை வண்டிகள், என்ன கட்டணத்தில், எத்துணைக் காலந்தவறாமையுடன் ஓடவேண்டும் என்பதை அரசு முன்கூட்டியே எழுதிவைக்கும். அதற்குரிய தொகையும் முன்னரே வரையறுக்கப்படும். இஃது இருவகைப்படும். கட்டண வருவாய் அரசைச் சேர, நடத்துநர் வரையறுத்த தொகையைப் பெறுவது மொத்தச் செலவு ஒப்பந்தம். வருவாயை நடத்துநரே கொண்டு, குறைக்கு மட்டும் மானியம் பெறுவது நிகரச் செலவு ஒப்பந்தம்.

1999இல் மெல்பேர்ண் நகரம் இரண்டாம் வகையைச் சார்ந்து நின்றது. பிரயாணிகள் பெருகுவர் என்ற கணக்குப் பொய்த்தமையால், நடத்துநருள் ஒருவரான நஷனல் எக்ஸ்பிரஸ் நிறுவனம் 2002 டிசம்பரில் விலகிற்று; சுமை மீண்டும் அரசின் தலையில் வீழ்ந்தது. 2007இல் தொடங்கிய இலண்டன் ஓவர்கிரவுண்ட் சேவையிலோ, வருவாய் பற்றிய அபாயத்தின் பெரும்பகுதியை நகரப் போக்குவரத்து அதிகாரசபையே ஏற்றது. வண்டி தாமதித்தால் நடத்துநர் தண்டம் இறுத்தார். வண்டியைக் காலத்தில் ஓட்டுதல் நடத்துநரின் கையிலுள்ளது. நகரின் வேலைவாய்ப்பும் கட்டண விகிதமும் அவர் கையிலில்லை. தன்னால் ஆளக்கூடிய அபாயத்தையே ஒருவன் சுமத்தல் தகும்.

மானியமின்றியே இலாபமீட்டும் ஹொங்கொங் சேவையை இதற்கு மாறாகக் காட்டுவாருமுளர். அங்கு நிலையங்களின் மேலும் அருகிலும் கட்டடம் எழுப்பும் உரிமையை அரசு வழங்குகின்றது. அதுவும் வேறுருவில் அமைந்த உதவியே.

மானியத்தின் நியாயத்தை அளக்கும் கோலொன்றை 2003இல் ஐரோப்பிய நீதிமன்றம் அல்ற்மார்க் வழக்கில் வகுத்தது. ஜேர்மனியிலே பஸ் சேவையொன்றைப் பற்றி எழுந்த வழக்கு அது. கடமை தெளிவாக வரையறுக்கப்படல் வேண்டும். ஈட்டுத்தொகையைக் கணிக்கும் முறை முன்னரே வெளிப்படையாக நிறுவப்படல் வேண்டும். தொகை, செலவையும் நியாயமான இலாபத்தையும் விஞ்சலாகாது. நடத்துநர் கேள்விமனு மூலம் தெரியப்படல் வேண்டும், அன்றேல் நன்கு நடத்தப்படும் நிறுவனமொன்றின் செலவோடு ஒப்பிட்டுத் தொகை கணிக்கப்படல் வேண்டும். இந்நான்கும் அமையின், கொடுக்கப்படுவது சலுகையன்று, சேவைக்குரிய விலையே.

ஒப்பந்தம் என்றதும் தனியாருக்கு விற்றல் எனக் கொள்ளுதல் பிழை. 2007ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒழுங்குவிதி, அரசுக்குச் சொந்தமான நிறுவனத்தோடும் இத்தகைய ஒப்பந்தஞ் செய்ய இடமளிக்கின்றது. இலங்கைக்கும் இக்கருத்துப் புதிதன்று. 1991ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த தேசிய போக்குவரத்து ஆணைக்குழு, இலாபமற்ற கிராமப் பாதைகளுக்குக் 'கெமி சரிய' என்றும், மாணவர்க்குச் 'சிசு சரிய' என்றும் பஸ் சேவைகளுக்கு உதவித்தொகை வழங்கி வந்துள்ளது. பாதையையும் பயனடைவோரையும் பெயர்குறித்துப் பணம் வழங்கும் இந்நெறி பஸ்ஸுக்கு இயலுமாயின், கொழும்புப் புகையிரதத்துக்கும் இயலும்.

அங்ஙனம் செய்தால் மானியம் குறையும் என்று துணிதற்கில்லை. ஒருகால் மிகுதலுங் கூடும். ஆயினும், கொழும்பின் அலுவலர்க்கு வாங்கிய சேவை யாது, பூண்டுலோயாவின் மாணவனுக்கு வாங்கிய சேவை யாது என்பதை ஒரே ஏட்டில் வைத்து ஒப்பிட முடியும். வரி செலுத்துவோன் தன் பங்கைக் கேட்பதற்கு அவ்வேடே முதற் சான்றாகும்.