117ஆம் தனிமமும் ஒரு பெயரும்

கந்தர்வகோட்டை, ஆலங்குடிப் பக்கமிருந்து பஸ் ஏறி வந்து, புதுக்கோட்டை மன்னர் கல்லூரியிலும் அரசு மகளிர் கல்லூரியிலும் வேதியியல் படிக்கும் நம் பிள்ளைகளிடம் ஊர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: ‘இதைப் படிச்சா என்ன வேலை கிடைக்கும்?’

அமெரிக்காவில் கிளாரிஸ் பெல்ப்ஸும் அந்த இடத்தில் நின்றவர்தான். கறுப்பின மக்களுக்காக உருவான டென்னசி மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2003இல் வேதியியல் பட்டம் பெற்றார். வேலை கிடைக்கவில்லை. கடற்படையில் சேர்ந்து அணு உலைப் பயிற்சி பெற்றார். விமானந்தாங்கிக் கப்பலில் தம் பிரிவில் இருந்த ஒரே கறுப்பினப் பெண் அவர். 2009இல் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகத்தில் தொழில்நுட்பப் பணியாளரானார்.

இயற்கையில் கணிசமாகக் கிடைப்பவற்றில் மிகக் கனமானது 92ஆம் தனிமமான யுரேனியம். 104க்கு மேற்பட்டவை மீகனத் தனிமங்கள், மனிதர் உருவாக்கியவை. 117ஆம் தனிமத்தை உருவாக்க பெர்கிலியம் தேவைப்பட்டது. அதுவோ ஓராண்டுக்குள் பாதியாகக் கரைந்துவிடும். கிடைத்த 22 மில்லிகிராமைத் தூய்மைப்படுத்திய குழுவில் கிளாரிஸ் இருந்தார். ரஷ்யாவின் துப்னா ஆய்வகத்தில் அதன்மீது கால்சியம் அணுக்களை மாதக்கணக்கில் மோதவிட்டார்கள். சிக்கியவை ஆறே அணுக்கள். 2010இல் கண்டுபிடிப்பு அறிவிக்கப்பட்டது. 2016இல் டென்னசின் என்ற பெயர் உறுதியானது.

அதன் பிறகும் அவர் படித்தார். 2021இல் முதுநிலைப் பட்டம். தொடர்ந்து அணுப் பொறியியலில் முனைவர் ஆய்வு. ஒரு தனிமத்தின் கண்டுபிடிப்பில் பங்கேற்ற முதல் ஆப்பிரிக்க-அமெரிக்கப் பெண் என்று அறியப்படும் இவரைப் பற்றிய விக்கிப்பீடியா பக்கத்தை, போதிய சான்று இல்லை என்று 2019இல் நீக்கினார்கள். எதிர்ப்புக்குப் பிறகே 2020இல் அது மீண்டும் வந்தது. உழைப்பைக் கொடுத்தாலும் பெயருக்குத் தனியே போராட வேண்டியிருப்பது நமக்குப் புதிதல்ல.

இந்தத் துறை நமக்கு எட்டாத தூரமும் அல்ல. 2014இல் ஜெர்மனியில் இதே தனிமத்தை மீண்டும் உருவாக்கி உறுதிசெய்த பன்னாட்டுக் குழுவில் கொல்கத்தா சாகா அணு இயற்பியல் நிறுவனத்தினரும் இருந்தார்கள். அதை நிறுவிய மேகநாத் சாகா ஒரு சிறு மளிகைக்கடைக்காரரின் மகன். மாணவர் விடுதியில் சாதியின் பெயரால் பந்தியில் ஒதுக்கப்பட்டவர்.

இங்கே கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையத்தில் கதிரியக்க வேதியியலில் முனைவர் ஆய்வு செய்ய முடியும். பட்டியல் சாதியினருக்கான தேசிய ஆய்வு உதவித்தொகை முதல் இரண்டாண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய் என 2023இல் உயர்த்தப்பட்டது. ஆனால் அது மாதக்கணக்கில் வராமல் போவதாக நாடெங்கும் ஆய்வு மாணவர்கள் முறையிடுகிறார்கள். வீட்டிலிருந்து பணம் எதிர்பார்க்க முடியாத பிள்ளைக்கு, நிற்கும் உதவித்தொகை நிற்கும் படிப்புதான்.

கிளாரிஸுக்குத் திறமையோடு சம்பளமும் ஆய்வகக் கதவும் கிடைத்தன. நம் பிள்ளைகளுக்கும் அவை காலத்தோடு கிடைக்க வேண்டும் என்றுதான் கேட்கிறோம். வேதியியல் படிக்கும் மகளிடம் இனி வேலையைப் பற்றி மட்டும் கேட்காமல், மேலே என்ன படிக்கப் போகிறாய் என்றும் கேட்போம்.