இழுத்துப் பிடித்த கயிறு

பெரியப்பா ஈசிசேரிலிருந்து எழுந்தார். இரண்டடி வைப்பதற்குள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "கண்ணை இருட்டிக்கிட்டு வருதுடா. பிரஷர் மாத்திரைதான் தவறாம போடறேனே?"

"உட்காருங்க பெரியப்பா. டீ ஆறுறதுக்குள்ள சொல்றேன்."

நாம் எழுந்து நின்றதும் அரை லிட்டருக்கு மேல் ரத்தம் வயிற்றுக்கும் காலுக்கும் இறங்கிவிடுகிறது. அந்த நேரம் தலை சுற்ற வேண்டும். பெரும்பாலும் சுற்றுவதில்லை. கழுத்தில் நாடி துடிக்கும் இடத்தில், தமனியின் சுவருக்குள் அழுத்தம் பார்க்கும் நரம்பு முனைகள் உள்ளன. சுவர் சற்றுத் தளர்ந்தாலும் முகுளத்துக்குத் தகவல் போய்விடும். முகுளம் நம்மிடம் யோசனை கேட்பதில்லை. அதனால்தான் இந்த ஏற்பாட்டுக்குத் தானியங்கு நரம்பு மண்டலம் என்று பெயர். கேம்பிரிட்ஜ் உடலியங்கியலாளர் ஜான் லாங்லி 1898-ல் ஆங்கிலத்தில் வைத்த பெயரின் தமிழ் இது.

அதில் இரண்டு வகை நரம்புகளைப் பள்ளியிலேயே படித்திருப்போம். பரிவு நரம்புகள் தண்டுவடத்தின் நடுப்பகுதியிலிருந்து கிளம்புகின்றன. முதுகெலும்பின் இருபுறமும் மணி கோத்தாற்போல நரம்பு முடிச்சுகள். அங்கே தகவலை அடுத்த நரம்பிடம் கைமாற்றி, பல உறுப்புகளுக்குக் கிளை பிரிகின்றன. பாம்பைக் கண்டால் நெஞ்சு படபடப்பதும் வேர்ப்பதும் கண்மணி விரிவதும் ஒரே நேரத்தில் நடப்பது இதனால்தான். எதிர்ப்பரிவு நரம்புகள் மூளையடியிலிருந்தும் தண்டுவடத்தின் கடைக்கோடியிலிருந்தும் வருகின்றன. அவற்றின் முடிச்சுகள் உறுப்புக்கு அருகிலோ உறுப்பின் சுவருக்குள்ளோ இருப்பதால் வேலை அந்தந்த இடத்தோடு நின்றுகொள்ளும். இவற்றில் பெரியது வேகஸ். லத்தீனில் அலைந்து திரிவது என்று பொருள். கழுத்து, நெஞ்சு, வயிறு என்று அலைகிறது. குடல் தனிக் கதை. வெளி நரம்புகளை வெட்டிவிட்டாலும் தன் சொந்த நரம்புகளை வைத்துக்கொண்டே அது வேலை பார்க்கும்.

ஒன்று முடுக்கும், மற்றது தணிக்கும் என்று பாடத்தில் தராசு போலச் சொல்வார்கள். எனக்கு அதில் திருப்தியில்லை. நரம்புகளே எட்டாத இதயம் தன்பாட்டுக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 முறை துடிக்கும். மாற்று இதயம் பொருத்தப்பட்டவர்களிடம் இதைப் பார்க்கலாம். சும்மா உட்கார்ந்திருக்கும் நமக்கு 70 சொச்சம்தான். வேகஸ் எந்நேரமும் இழுத்துப் பிடித்திருக்கிறது.

"வண்டி ஓட்டினவர் நீங்க. ஓடத் துடிக்கிற மாட்டுக்குச் சாட்டை எதுக்கு?"

"கயித்தைத் தளர விட்டாப் போதும்," என்றார்.

அதேதான். எழுந்ததும் முதலில் தளர்வது வேகஸ் கயிறு. ஓரிரு துடிப்புக்குள் இதயம் வேகம் பிடிக்கும். பரிவு நரம்புகள் சில விநாடி கழித்து வந்து ரத்தக்குழாய்களை இறுக்கும்.

அந்தக் கயிற்றை விரலிலேயே உணரலாம். பெரியப்பாவிடம் அவர் பேத்தியின் மணிக்கட்டைப் பிடிக்கச் சொன்னேன். அவள் மூச்சை மெல்ல இழுக்கும்போது துடிப்பு நெருங்கியது, விடும்போது விலகியது. "ஏ, ஆமாம்டா!" மூச்சை இழுக்கையில் வேகஸ் தளர்கிறது, விடுகையில் மறுபடி இறுகுகிறது. சின்ன வயதில் இது பளிச்சென்று தெரியும். பெரியப்பாவின் கையில் எனக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை.

வேகஸ் இதயத்தோடு பேசும் மொழியும் தெரிந்ததே. 1921-ல் ஓட்டோ லோவி ஒரு தவளை இதயத்தின் வேகஸைத் தூண்டினார், அது மெதுவானது. அதைச் சுற்றியிருந்த திரவத்தை இன்னொரு இதயத்தில் விட்டார், அதுவும் மெதுவானது. அந்தத் திரவத்தில் இருந்தது அசிட்டைல்கோலின். 1936-ல் லோவி ஹென்றி டேலுடன் நோபல் பரிசு பெற்றார்.

பெரியப்பாவுக்கு ஏன் இருட்டுகிறது? வயதானால் கழுத்துத் தமனி விறைத்து, தகவல் மந்தமாகிறது. போதாததற்கு, பிரஷர் மாத்திரைகளில் சிலவும் புராஸ்டேட் மாத்திரைகளில் சிலவும் ரத்தக்குழாயை இறுகவிடாது.

உங்கள் வீட்டிலும் இப்படி யாராவது நிலையைப் பிடித்தால், மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். அடுத்த முறை டாக்டரிடம், நிற்கவைத்தும் ஒருமுறை பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள்.